முகத்தைக் காட்டு

ஈ.எம். ஃபார்ஸ்டர் என்றதும் நம்மவர்களுக்கு 1924-ல் வந்த ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ நாவல்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்பே, 1909-ல், ‘யந்திரம் நிற்கிறது’ என்று ஒரு நீண்ட சிறுகதை எழுதியிருக்கிறார். இருபது வயதில் படித்தபோது அது யந்திரத்தைப் பற்றிய கதையாகத் தெரிந்தது. போன மாதம் மறுபடி படித்தேன். ஒரு தாயையும் பிள்ளையையும் பற்றிய கதையாக இருக்கிறது.

பூமிக்கு அடியில் ஆளுக்கோர் அறுகோண அறை. (எங்கள் அரக்கோணத்தின் பெயரே ‘அறுகோணம்’ மருவி வந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அதனால் இந்த அறையின் மேல் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.) பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, வெந்நீர், சங்கீதம் எல்லாம் வரும். வாஷ்டி என்ற அம்மாள் அறையை விட்டு அசையாமலே ஆயிரக்கணக்கான பேருடன் பழகுகிறாள், பிரசங்கம் செய்கிறாள். பூமியின் மறுபக்கத்திலிருக்கும் மகன் குனோ ஒரு தட்டில் தோன்றி, நேரில் வரச் சொல்கிறான். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், இன்னும் எதற்கு நேரில் என்பது அவள் கட்சி. தட்டில் முகம் தெரியும். முகத்தின் வாட்டம் தெரியாது.

டெலிவிஷன் வருவதற்கு முன்பே எழுதிவிட்டாரே என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. யந்திரம் ஒரே நாளில் நிற்பதில்லை. கதையின் பலமே அங்கேதான் இருக்கிறது. முதலில் சங்கீதத்தில் ஒரு கரகரப்பு. பிறகு குளிக்கிற நீரில் நாற்றம். ஒரு நாள் படுக்கை வருவதில்லை. ஜனங்கள் புகார் செய்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள், பழகிக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கரகரப்பும் சங்கீதத்தோடு சேர்த்தியாகிவிடுகிறது. இந்தப் பக்கங்களைப் படிக்கையில் வயிற்றைக் கலக்குகிறது.

குறையும் உண்டு. 1905-ல், சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில், வங்காளத்து ரோக்கியா ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். அதில் விஞ்ஞானம் பெண்களை வெளியே கொண்டுவருகிறது, ஆண்கள்தான் அறைக்குள். கோஷாவில் வளர்ந்தவருக்கு அறை என்றால் என்னவென்று தெரியும். ஃபார்ஸ்டர் அறைக்குள் இருப்பவளை வெளியே நின்று பார்க்கிறார். ஆகவே வாஷ்டி பாதிக் கதைவரை கேலிச்சித்திரமாகவே இருக்கிறாள். எல்லாம் இடிந்து விழும்போதுதான் மகனைத் தொட அவளை அனுமதிக்கிறார்.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். அம்மா அரக்கோணத்தில், நான் சென்னையில். மின்சார ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வீடியோவில் கூப்பிட்டாலும் அவள் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு காதும் பழைய கம்மலும்தான்.

“முகத்தைக் காட்டும்மா.”

“நேர்ல வந்து பாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிறு போய்விட்டது. வாஷ்டியாவது, வெறுப்போடுதான் என்றாலும், ஆகாயக் கப்பல் ஏறி இரண்டு நாள் பிரயாணம் செய்து மகனைப் பார்த்துவிட்டு வந்தாள்.