அந்த 'அனைவர்' யார்?

ஒரு நூலைத் திறனாய்பவர் முதலில் அதன் பெயரைப் பார்ப்பர். பின்னர், பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் உண்டா என்று பார்ப்பர். நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது புலவர் இயற்றிய நூலன்று. ஆட்சியாளர் இயற்றிய நூல். 2015 ஜூன் 25-ஆம் நாள் தில்லியிலே அரங்கேறிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற விதிமுறைகளே அந்நூல். 'அனைவருக்கும் வீடு' என்பது அதற்கிட்ட அழகுப் பெயர். 2022-க்குள் அது நிறைவேறும் என்பது அதன் பாயிரம். ஆண்டு வந்தது, போயிற்று. அதைக் கூட நாம் பெரிதாகக் குத்திக் காட்டப் போவதில்லை. அந்த 'அனைவர்' யார் என்பதே நம் வினா.

வினாவுக்கு விடை தேடத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை, தோழர்களே! கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, மேடவாக்கம் நெடுஞ்சாலையில் சற்றே நடந்து பாருங்கள். வானத்தைத் தொடுவோம் என்று வளர்ந்து நிற்கும் அடுக்குமாடிகள் ஒருபுறம். அவற்றின் முதுகுப்புறத்தே, நாராயணபுரம் ஏரிக்கும் அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நீரை அனுப்பிவைக்கும் கீழ்க்கட்டளை ஏரி. நேற்றுவரை பல்லாவரம் நகராட்சியின் மூலை; 2021-இல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபின் அதன் எழுபது வார்டுகளோடு இணைந்த பகுதி. இங்கே மாடி வீட்டை வங்கிக் கடனில் வாங்குபவர் உண்டு. அந்த மாடிக்குக் கல் சுமந்து, கலவை கலந்து, இரவானால் தகரக் கூரையின் கீழோ பத்துக்குப் பத்து வாடகை அறையிலோ படுப்பவரும் உண்டு. இருவரும் அத்திட்டத்தின் கதவைத் தட்டினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு யாருக்குத் திறந்தது?

2017 முதல் 2021 மார்ச் வரை நடந்ததைச் சொல்கிறோம். ஆண்டுக்குப் பதினெட்டு லட்சம் ரூபாய் வரை வருவாயுள்ள குடும்பத்துக்கும் வட்டி மானியம் உண்டு என்றது விதி. தொகை, ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வரை. வீடு 200 சதுர மீட்டர், அதாவது 2,150 சதுர அடி அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். அத்தொகை முன்கூட்டியே கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, அலைச்சல் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். மூன்று லட்சத்துக்குள் வருவாயுள்ள ஏழை, தன் சொந்த மனையில் தானே வீடு கட்ட முற்பட்டால், தில்லி தந்தது ஒன்றரை லட்சம். தமிழக அரசு சேர்த்தது அறுபதாயிரம். ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். அதுவும் கட்டடம் எழ எழ, படம் பிடித்துக் காட்டக் காட்ட, தவணை தவணையாக! முப்பது சதுர மீட்டர் வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று மிகக் குறைவாகவே கணக்கிட்டாலும் ஆறரை லட்சம் ஆகும். எஞ்சிய நான்கரை லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? முதல் தவணை வருமுன் அடித்தளம் போட வேண்டுமே, அதற்கு யார் தருவார்? கந்துவட்டிக்காரரைத் தவிர வேறு யார்?

பதினெட்டு லட்சக்காரருக்கு முன்பணம். மூன்று லட்சக்காரருக்குப் பின்பணம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ, நாமறியோம்!

2024 செப்டம்பரில் இந்நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. வருவாய் வரம்பு ஒன்பது லட்சமாகக் குறைந்தது. வட்டி மானியத்தின் உச்சம் 1 லட்சத்து 80 ஆயிரமாகி, ஐந்து தவணைகளாகப் பிரிந்தது. சொந்த மனையில் கட்டுவோர்க்கான உதவி, மாநிலப் பங்கையும் சேர்த்து இரண்டரை லட்சமாக உயர்ந்தது. நூலாசிரியர் தம் பிழையைத் திருத்தியிருக்கிறார், மகிழ்ச்சி. ஆனால், அச்சுப் பிழையைத் திருத்தியவர் கருத்துப் பிழையைத் தொடவில்லை. 'சொந்த மனையில்' என்ற அந்த இரண்டு சொற்கள் அப்படியே நிற்கின்றன.

மனை யாருக்குச் சொந்தம்? அதைச் சொல்வது பட்டா. பட்டா யாரிடம் இருக்கிறது? அதைச் சொல்வது வரலாறு. கீழ்க்கட்டளை இருக்கும் இந்தச் செங்கல்பட்டுச் சீமையில், 1891-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், இங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர் சம்மதமின்றி உழைப்பவன் ஒரு துண்டு நிலமும் பெற முடியாமை, குடியிருக்கும் குடிசையின் அடிமண்ணும் அவனுக்கு உரிமையாகாமை ஆகியவற்றை ஒரு வெள்ளைக்காரர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. மனுவையும் வேதத்தையும் மனப்பாடம் செய்திருந்த நம் நாட்டார் கண்ணுக்கு அது குறையாகவே படவில்லை போலும்! அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. வழங்கிய நிலம் பிறகு யார் யார் கைக்குப் போயிற்று என்பது தனிக்கதை. நாம் சொல்ல வருவது இதுதான்: தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவனிடம், "நிலப் பத்திரத்தைக் கொண்டு வா, பணம் தருகிறோம்" என்று சொல்வது, காலை வெட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்துக்கு அழைப்பதாகும். விதிமுறையில் சாதி என்ற சொல்லே இல்லை, உண்மை. பட்டா என்ற சொல் இருக்கிறது, அது போதும்.

"ஏரியை ஆக்கிரமித்தவனுக்கெல்லாம் பட்டா தருவதா? வெள்ளம் வந்தால் என் செய்வது?" என்று கேட்பர். ஞாயமான கேள்வி, 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட தென்சென்னை மக்களிடம் அதை அலட்சியமாகப் பேச முடியாது. நீர்நிலை காக்கப்பட வேண்டும். 2007-இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் ஏரிமேல் எழுந்தவை குடிசைகள் மட்டுமா? 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்தே தியாகராய நகர் எழுந்தது. நம் நீதிக்கட்சித் தலைவர் பெயரைத் தாங்கிய நகர் என்பதற்காக அதை மறைப்பது பகுத்தறிவாகாது. அங்கே மாளிகை கட்டியவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2025 மே திங்களில், இதே தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூரில், அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. இடித்தது பகைவர் ஆட்சியன்று; நம் இயக்கத்தின் பெயர் சொல்லும் ஆட்சி. 1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டது இந்த இயக்கம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் அன்று நாம் மார்தட்டிக் கொண்ட பெருமை. பின்னாளில், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரம் ஆயிரமாக அடுக்கி வைத்ததிலே அந்தப் பெருமை கரைந்தது. வேலை ஓரிடம், பள்ளி வேறிடம், வீடு மற்றோரிடம் என்றானவர்க்குக் கிடைத்தது நான்கு சுவர், போனது பிழைப்பு. 2021-இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாற்றினர். பெயர் நன்று. வாழ்விடம் என்பதில் வாழ்வும் அடங்கும் என்பதை வாரியத்துக்கு நினைவூட்டுகிறோம்.

வாடகைக் குடித்தனக்காரரைப் பற்றி நூல் மெல்லிய குரலில்தான் பேசுகிறது. பிரிட்டனில் 1969-இல் பழைய வீடுகளைப் புதுப்பிக்க மானியத்தைத் தாராளமாக்கினர். வீட்டுக்காரர் பலர் குடியிருந்தவரை வெளியேற்றினர், மானியத்தில் வீட்டை மினுக்கினர், வசதி படைத்தோர்க்கு விற்றனர். 1974-இல் சட்டத்தைத் திருத்தி நிபந்தனை போட வேண்டியதாயிற்று. கீழ்க்கட்டளையில் ஒரு தெரு மேம்பட்டால் அத்தெருவின் வாடகையும் மேம்படும். வாடகைக்காரர் அடுத்த ஊருக்குப் பெயர்வார். நிபந்தனை எங்கே?

சரி, பட்டாவும் உண்டு, வறுமையும் உண்டு என்போர்க்குள்ளே முதலில் யாருக்கு? மனு வாரிய அலுவலகம் செல்கிறது. மாநிலக் குழுவுக்குச் செல்கிறது. தில்லிக் குழுவுக்குச் செல்கிறது. மனுதாரர் காத்திருக்கிறார். கிடைத்தால் 'அவருக்கு யோகம்' என்கின்றனர். கிடைக்காவிட்டால் 'சனி பார்வை' என்கின்றனர். வரிப்பணத்தைப் பங்கிடும் முறை மக்களுக்கு விளங்காத இடத்தில் சோதிடன் கடை விரிக்கிறான் என்பதைப் பகுத்தறிவாளர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய நகர மேம்பாட்டு மானியம், மக்கள் தொகை, வறுமை, வீட்டு நெருக்கடி இவற்றைக் கொண்ட வாய்பாட்டின்படி பிரிகிறது. அதில் நூற்றுக்கு எழுபதாவது குறைந்த, நடுத்தர வருவாயினர்க்குப் பயன்பட வேண்டும். நகரம் செலவுத் திட்டத்தைப் பொதுக்கூட்டத்தில் மக்கள்முன் வைக்க வேண்டும். அங்கும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. ஆனால் தில்லுமுல்லைச் சுட்டிக்காட்ட எழுத்திலே ஓர் அளவுகோல் இருக்கிறது.

நமக்கும் ஓர் அவை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று, முதலமைச்சரே பம்மலுக்கு வந்து பகுதி சபையில் அமர்ந்தார். பம்மலும் கீழ்க்கட்டளையும் ஒரே மாநகராட்சி. இங்குள்ள இளைஞர்கள் அடுத்த பகுதி சபைக்குச் செல்லட்டும். தம் வார்டில் வீட்டு மானியம் கேட்டவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்க்குச் சொன்ன காரணம் யாது, நீர்நிலை அல்லாத புறம்போக்கில் பட்டாவின்றி வாழும் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறட்டும். பெற்றதை நமக்கு அனுப்பினால், இதே பக்கத்தில் வெளியிடுவோம்.