பேரா, பந்தாவா?

"அண்ணே, கார் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம், சொல்லுங்க" என்று சித்தப்பா பையன் போன் செய்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார் விஷயத்தில் ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள். பூ வைத்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, ஜாதகம் பொருந்துகிறதா என்று கேட்கிற மாதிரி.

பட்ஜெட் 12 லட்சம். இரண்டு கார்கள் பார்த்து வைத்திருந்தான். ஒன்று, வெளிநாட்டுப் பேர் கொண்ட கம்பெனியின் கார். அந்தப் பணத்துக்கு அதில் ஆரம்ப மாடல்தான் வரும். இன்னொன்று, தெருவுக்கு நாலு நிற்கிற கம்பெனியின் கார். அதே பணத்துக்கு எல்லா வசதிகளோடும் மேல் மாடலே கிடைக்கும்.

வீட்டில் மகாசபை கூடியிருக்கிறது. மனைவி கலரைக் கேட்டாளாம். பையன் சன்ரூஃப் கேட்டானாம். மச்சினன், "ஆபீஸ் பார்க்கிங்ல நிறுத்தினா ஒரு மதிப்பு வேணாமா மாப்ளே?" என்றானாம். சித்தி மட்டும், "எனக்கு முட்டி வலிடா. ஏறி இறங்க சௌகரியமா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

உடனே நீங்கள், "பேரில் என்ன இருக்கிறது, நாலு சக்கரமும் ஸ்டியரிங்கும்தானே" என்று நான் உபதேசம் செய்யப் போவதாக நினைக்கலாம். இல்லை. பேரில் விஷயம் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் அப்பாக்கள் காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அம்பாசடர் அல்லது ஃபியட். தென்னாட்டில் கொஞ்சம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கிராமத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், 'பிளஷர்'. கார் இருப்பதே கௌரவம். எந்தக் கார் என்பது அப்புறம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் 'எது?' என்ற கேள்வியே பிறந்தது. 90-களில் கதவு திறந்து உலகக் கம்பெனிகள் எல்லாம் உள்ளே வந்ததும் கேள்வி கொஞ்சம் மாறிப்போனது: 'என்னைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?'

சரி, பேருக்கு என்ன மதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே காரை இரண்டு பேரில் விற்றுப் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட் நகரத்தில், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து 1984-ல் ஒரு தொழிற்சாலை நடத்த ஆரம்பித்தன. 'நம்மி' என்று அதற்குச் சுருக்கப் பெயர். அங்கே தயாரான கார் ஒன்று 'டொயோட்டா கொரோலா' என்ற பேரில் போகும். அதன் இரட்டைப் பிள்ளை 'ஜியோ ப்ரிஸம்' என்ற பேரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஷோரூமுக்குப் போகும். அதே கூரை, அதே தொழிலாளிகள், அடிப்படையில் அதே இன்ஜின். முகமும் விளக்கும் உள் அலங்காரமும் கொஞ்சம் வேறு.

ஜனங்கள் எதை வாங்கினார்கள்? விலை அதிகமான கொரோலாவைத்தான் அதிகம் வாங்கினார்கள். பழைய காராக விற்கும்போதும் கொரோலாவுக்குத்தான் நல்ல விலை. விஷயம் தெரிந்த சிலர் மட்டும் சத்தம் போடாமல் ப்ரிஸம் வாங்கி, கொரோலாவின் சொகுசைக் குறைந்த காசில் அனுபவித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஒரகடத்துக்கு வாருங்கள். அங்கே ரெனால்ட்‑நிஸான் கூட்டுத் தொழிற்சாலையிலிருந்து 2010-ல் நிஸான் மைக்ரா வந்தது. 2012-ல் அதே கார் முகத்தை மாற்றிக்கொண்டு ரெனால்ட் பல்ஸ் ஆனது. அதே வருடம் வந்த ரெனால்ட் டஸ்டர், 2013-ல் நிஸான் டெரானோவாக மறு அவதாரம் எடுத்தது. டெரானோவுக்கு விலை ஒரு படி மேல். ஆனால் ஊர் முழுக்க ஓடியது டஸ்டர்தான். நம்மாட்கள் பக்கத்து வீட்டில் எது நிற்கிறது என்று பார்த்து வாங்கினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். கொரோலாவுக்கு அதிகக் காசு கொடுத்தவர்கள் எல்லாம் ஏமாளிகளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து வாங்க நம்மால் முடியாது. கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கலாம். கியர் பாக்ஸை அமுக்கிப் பார்க்க முடியுமா? அப்போது நமக்கு ஒரு ஜாமீன் தேவைப்படுகிறது. பேர்தான் அந்த ஜாமீன். பல வருடம், பல லட்சம் பேர் ஓட்டி, நடுரோட்டில் நிற்காமல் வீடு வந்து சேர்ந்ததால் சம்பாதித்த பேர். அது நியாயமான சொத்து. அதற்குக் கொஞ்சம் விலை கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் அதே உலோகச் சின்னத்தில் இன்னொரு சரக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பந்தா. முதலாவது உங்களுக்காக. இரண்டாவது உங்களைப் பார்க்கிறவர்களுக்காக. பில்லில் இரண்டையும் தனித்தனியாகப் போட மாட்டார்கள். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"ரீசேல் வேல்யூன்னு ஒண்ணு இருக்கே சார்?" என்பீர்கள். நல்ல கேள்வி. பந்தாவில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், நாளைக்கு உங்கள் காரை வாங்கப்போகிறவனுக்கு இருக்கிறதே! அவனுடைய மோகத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் இன்று காசு கொடுக்கிறீர்கள்.

ஒரு மனக்கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரே மாதிரி இரண்டு கார். பேர் இல்லாதது 10 லட்சம், பேர் உள்ளது 11 லட்சம். நாலு வருடத்தில் விற்றால் ஐந்தரையும் ஆறேகாலும் வருகிறது என்று வையுங்கள். அதிகம் கொடுத்த ஒரு லட்சத்தில் 75,000 திரும்பி வந்துவிட்டது. பழுதில்லை. பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றால்? இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குத்தான் கேட்பான் புரோக்கர். கூடக் கொடுத்த ஒரு லட்சமும், அதற்குக் கட்டிய வட்டியும் போனது போனதுதான். ஆகவே நாலு வருடத்துக்கு ஒரு தரம் கார் மாற்றுகிறவர் பேரைப் பார்க்கலாம். டயர் தேயத் தேய ஓட்டுகிற நம்மைப் போன்றவர்கள் பார்ப்பதில் அர்த்தம் குறைவு.

உலகப் புகழ் உள்ளூர் உத்தரவாதம் ஆகாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். ஷெவர்லேயைவிடப் பழைய பேர் வேண்டுமா? 2017-ன் கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டைவிடப் பெரிய பேர் வேண்டுமா? காரை ஏழைக்கும் எட்டச் செய்த சரித்திரமே அதுதான். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 2022-ல் மறைமலை நகரிலும் கடைசி கார் வெளியே வந்தது. சர்வீஸ் தொடரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இருந்தாலும், அதற்கு முந்தின மாதம் ஆசையாக வாங்கியவர் முகத்தை நினைத்துப் பாருங்கள். டெட்ராய்ட்டில் நூறு வருடப் பாரம்பரியம் இருந்து என்ன, திண்டுக்கல்லில் பம்பர் கிடைக்க வேண்டுமே!

இதெல்லாம் காசு விஷயம். உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது.

2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் சிறிய கார்கள் ஐந்தை எடுத்து மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஆரம்ப மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார். ஐந்தில் ஒன்று டாடா நானோ. இன்னொன்று ஃபோக்ஸ்வாகன் போலோ. ஆம், ஜெர்மன் கார்தான். கதவைச் சாத்தினால் வருகிற கனமான 'டொப்' சத்தத்துக்கே பல பேர் மயங்கிய கார். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதினார்கள். 4 ஸ்டார். கம்பெனியும் ஏர்பேக் இல்லாத மாடலை விற்பதை நிறுத்திக்கொண்டது.

கவனித்தீர்களா? இரண்டு காரிலும் முகப்பில் இருந்தது ஒரே சின்னம். உயிரைக் காப்பாற்றும் விஷயத்தில் அந்தச் சின்னம் எதையும் சொல்லவில்லை. உள்ளே பை இருக்கிறதா, இல்லையா என்பதுதான் சொன்னது.

இன்னொரு உதாரணம். மாருதி சுஸுகி ஸ்விஃப்ட்டுக்கு 2022-ல் குளோபல் என்கேப் கொடுத்தது 1 ஸ்டார். அதே கம்பெனியின் புது டிசையருக்கு 2024-ல் கொடுத்தது 5 ஸ்டார். 'அந்தக் கம்பெனி கார்னா தகரம்', 'இந்தக் கம்பெனி கார்னா இரும்பு' என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதை என்ன செய்வார்கள்? மார்க் வாங்குவது கம்பெனி அல்ல, மாடல். இப்போது நமக்கென்று 'பாரத் என்கேப்' 2023-ல் வந்துவிட்டது. தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். காரின் கலரைத் தேர்ந்தெடுக்க நாம் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

பந்தா ஒரு காரை வாங்க வைக்கும் என்று பார்த்தோம். அது ஒரு காரைக் கொல்லவும் செய்யும். நானோவை 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் ரத்தன் டாடா அறிமுகம் செய்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு குழந்தை என்று ஸ்கூட்டரில் போகிற குடும்பத்துக்காக யோசித்த கார். ஒரு லட்ச ரூபாய் கார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. சாணந்தில் வருடம் இரண்டரை லட்சம் கார் தயாரிக்கும் தொழிற்சாலை. ஆனால் எந்த வருடமும் விற்பனை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2018-ல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றேபோனது.

காரணம் ஒன்றல்ல. சில கார்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தன. பாதுகாப்பில் பூஜ்ஜியம் என்று மேலேயே சொன்னேன். ஆனால் பெரிய காரணம், 'மலிவான கார்' என்ற முத்திரை. அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். யாருக்காக அந்தக் கார் செய்யப்பட்டதோ, அவர்களே அதில் ஏறக் கூச்சப்பட்டார்கள். 'உங்கள் சக்திக்கு இதுதான்' என்று நெற்றியில் எழுதி ஒட்டினால் யார்தான் ஏறுவார்கள்? கார் வாங்குகிறவர் ஏழை என்று காட்டிக்கொள்ள வாங்குவதில்லையே! கூச்சப்பட்டவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அவர்களில் பலர் மழையில் ஸ்கூட்டரிலேயே போனார்கள், குழந்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு. நாலு பேர் பார்வைக்கு அது கொடுத்த விலை.

அதனால் நீங்கள் கார் வாங்கப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். மனசுக்குள் ஒரு ஸ்டிக்கரை எடுத்து முகப்புச் சின்னத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். பிறகு கேளுங்கள். நம் ஊரில் சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர்? இந்த மாடலுக்கு மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார்? வாரன்ட்டி எழுத்தில் எத்தனை வருடம்? 2019-ல் மாருதியின் பலேனோவே டொயோட்டா கிளான்ஸா என்ற பேரில் வந்தபோது, பலேனோவுக்கு 2 வருடம் வாரன்ட்டி, கிளான்ஸாவுக்கு 3 வருடம். அந்த ஒரு வருடம் நிஜம். காகிதத்தில் இருக்கிறது, சண்டை போட்டு வாங்கலாம். காகிதத்தில் வராத பெருமைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் இஷ்டம். கொடுக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

முக்கியமாக, வீட்டில் யார் பின் சீட்டில் உட்காரப் போகிறார்களோ, அவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

இதையெல்லாம் சித்தப்பா பையனிடம் விலாவாரியாகச் சொன்னேன். "கரெக்ட்டுண்ணே, கரெக்ட்டுண்ணே" என்றான். அடுத்த வாரம் வெளிநாட்டுப் பேர்க் காரின் ஆரம்ப மாடல் வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். மச்சினன் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் கவர் போட்டு நிற்கிறது. சித்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ.

"கார் இருக்கே சித்தி?"

"அது ரொம்பத் தாழ்வா இருக்குடா. உக்காந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். இதுல கம்பியைப் புடிச்சுக்கிட்டு நானே ஏறிடுவேன்" என்றாள். ஏறியும் விட்டாள்.

அவன் என்னைப் பார்க்காமல் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். இன்னும் 58 மாதம் ஈ.எம்.ஐ. பாக்கி.