துவிச்சக்கர வண்டியும் பயண இலக்கியமும்: சில சிந்தனைகள்

தமிழிலே பயண இலக்கியம் பற்றிப் பேசப்புகுவோர், நூலாசிரியர் எங்கெங்கே சென்றார் என்பதையே பெரும்பாலும் ஆராய்வர். அவர் எவ்வாறு சென்றார், என்ன வேகத்திற் சென்றார், அவ்வாறு செல்வதற்கான ஓய்வு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயினும், ஒரு பயண நூலின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நிருணயிப்பதில் இவ்வினாக்களுக்கான விடைகளுக்குப் பெரும் பங்குண்டு. பிரான்சு நாட்டின் கிராமப்புறங்களிலே ஆறுதலாகத் துவிச்சக்கர வண்டியிற் பயணஞ் செய்தோர் வளர்த்த எழுத்து மரபை முன்வைத்து இவ்வினாக்களை அணுகுவதும், அவ்வொளியில் நமது கிழக்குக் கரையையும் நமது இலக்கியத்தையும் நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மரபின் வேர் துவிச்சக்கர வண்டிக்கு முற்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் லோறன்ஸ் ஸ்ரேர்ண் 1768இல் பிரான்சு, இத்தாலி ஆகிய இரு நாடுகளையும் தலைப்பிற் கொண்ட பயணக் கதையொன்றை வெளியிட்டார். அந்நூல் இத்தாலியை எட்டாமலே முடிந்துவிடுகிறது. கட்டடங்களையும் சின்னங்களையும் பட்டியலிட்ட அக்காலப் பயண நூல்களை மறுதலித்து, வழியில் எதிர்ப்பட்ட மனிதரையும் அவர்பால் எழுந்த உணர்வுகளையுமே அவர் பொருளாகக் கொண்டார். இதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின், 1878இல், றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் மொடெஸ்ரீன் என்னும் பெயருடைய கழுதையொன்றின் மீது சுமையை ஏற்றிக்கொண்டு, தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியிலே பன்னிரண்டு நாட்கள் நடந்தார். மறுவருடம் வெளிவந்த அவரது நூலிலே வீரச்செயல் எதுவுமில்லை. பிடிவாதங் கொண்ட ஒரு விலங்கு, திறந்த வெளியில் ஓர் இரவு, மதப் போரின் நினைவு மறையாத சில கிராமங்கள் என்பனவே அதன் பொருள். வேகங் குறையக் குறையப் பார்வை கூர்மையடையும் என்பதற்கு அந்நூல் தக்க சான்றாகும்.

இந்த மெதுவான பார்வையை இயந்திரத்தின் மீது ஏற்றியவர்கள் எலிசபெத் பென்னெல், ஜோசெப் பென்னெல் என்னும் அமெரிக்கத் தம்பதியினராவர். ஸ்ரேர்ணின் வழியைப் பின்பற்றி, இருவர் கூடி மிதிக்கும் மூன்று சில்லு வண்டியிலே அவர்கள் சென்றனர். மனைவி எழுத, கணவர் சித்திரந் தீட்ட, 1888இல் அவர்களது நூல் வெளிவந்தது. துப்பறியும் கதைகளாற் பின்னர் புகழெய்திய மொறிஸ் லெப்லான், இரு தம்பதிகள் பிரான்சின் வடமேற்குப் புறத்திலே வண்டியேறிச் செல்வதை 1898இல் நாவலாக்கினார். அக்கதையிலே வண்டி மனிதரை ஊருக்கு ஊர் கொண்டு செல்வதோடு நின்றுவிடவில்லை. சமூகக் கட்டுப்பாடுகளிலிருந்தும் வெளியே கொண்டு செல்கிறது.

துவிச்சக்கர வண்டி தன் பயணிக்கு அளிக்கும் பார்வை தனித்தன்மை வாய்ந்தது. புகைவண்டிப் பயணி நிலத்தைச் சாளரத்தினூடே காண்கிறான். ஏற்றமும் இறக்கமும் அவனுக்கு ஒன்றே. வண்டி மிதிப்பவனோ நிலத்தைத் தன் முழங்கால்களால் அறிகிறான். எதிர்க்காற்று, வெயில், மணல், நிழல் யாவும் அவனது உடம்பிற் பதிகின்றன. நினைத்த இடத்தில் அவன் இறங்கலாம். கேட்டவருக்கு மறுமொழி கூறலாம். நடப்பவனைவிட அதிக தூரஞ் செல்லும் அவனால், ஒரே நாளில் மலையடிவாரமும் ஆற்றங்கரையும் மாறும் விதத்தை ஒப்புநோக்கவும் முடிகிறது. எனவேதான் இவ்வகை நூல்களின் கட்டமைப்புத் தளர்ந்ததாகவும், நிகழ்ச்சிகள் சிறியனவாகவும், நடை உரையாடற் பாங்கானதாகவும் அமைகின்றன.

இப்பார்வைக்கு ஓர் அறக்கோட்பாட்டையே வகுத்தவர் போல் த விவி (1853-1930). 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட இவர், சென் எத்தியென் நகரிலிருந்து 1887 முதல் துவிச்சக்கர வண்டிக்கென ஓர் இதழை நடத்தினார். பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் குடி, களைப்பெல்லையை எட்டாதே, பிறர் மெச்சுவதற்காக மிதியாதே என்ற பொருள்பட அவர் விதிகள் வகுத்தார். இவற்றுள் இறுதியானது இலக்கியத்துக்கும் பொருந்தும். 1903இல் பத்திரிகையொன்றின் விற்பனையைப் பெருக்கும்பொருட்டுத் தொடங்கப்பட்ட 'ரூர் த பிரான்ஸ்' ஓட்டப் போட்டியோ இதற்கு நேரெதிரானது. வெலோசியோ முன்னின்று பரப்பிய பற்சில்லு மாற்றும் பொறியை அப்போட்டி 1937 வரை அனுமதிக்கவில்லை. போட்டிக்குத் துன்பம் தேவைப்பட்டது. உலாவுக்கு அது தேவைப்படவில்லை. ரோலன் பார்த் தமது 'புராணிகங்கள்' (1957) நூலில் இப்போட்டியைக் காவியமாகக் கொண்டு ஆராய்ந்தமை நோக்கற்பாலது. காவியம் வீரனைத் தேடுகிறது. பயண நூல் அயலானைத் தேடுகிறது.

இம்மரபைப் புகழ்ந்துரைப்பதோடு திறனாய்வாளன் கடமை முடிந்துவிடாது. அதன் சமூக அடித்தளம் யாது என்று வினவுதல் வேண்டும். ஸ்ரீவன்சனும் பென்னெல் தம்பதியினரும் கூலி நேரத்துக்குக் கட்டுப்படாத எழுத்தாளரும் ஓவியருமாவர். பிரான்சின் தொழிலாளர் பெருந்திரளாக இப்பாதைகளுக்கு வந்தது 1936இலேதான். அவ்வாண்டு மக்கள் முன்னணி அரசாங்கம், பெரும் வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து, சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையைச் சட்டமாக்கியது. இருவர் மிதிக்கும் வண்டிகளில் இளந் தொழிலாளர் கடற்கரைக்குச் சென்ற காட்சி அக்கோடையின் சின்னமாயிற்று. ஓய்வு என்பது போராடிப் பெறப்பட்ட உரிமை என்பதனை இது உணர்த்துகிறது. அவ்வுரிமை எளிதிற் பறிபோகக் கூடியது என்பதற்கும் சான்றுண்டு. 1941ஆம் ஆண்டுக் கோடையில் சிமோன் த போவ்வாரும் சார்த்தரும் ஜேர்மானியர் வகுத்த எல்லைக்கோட்டை இரகசியமாகக் கடந்து, தெற்கே துவிச்சக்கர வண்டிகளிற் சென்றனர். போவ்வார் 1960இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்பயணம் விரிவாக இடம்பெறுகிறது. திராட்சைத் தோட்டங்களின் அழகும் எதிர்ப்பியக்கத்துக்கு ஆதரவு தேடும் முயற்சியும் அங்கே ஒரே பாதையிற் செல்கின்றன.

இம்மரபின் மற்றொரு குறைபாடு, உழைப்பவனைக் காட்சிப் பொருளாக்குவதாகும். பயணியின் ஓய்வுநாள் குடியானவனின் வேலைநாள். களத்தில் குனிந்து நிற்பவன் பயணிக்கு 'இயற்கையின் ஒரு பகுதி'யாகத் தோன்றிவிடுகிறான். பார்த் அதே நூலிலே 'நீலக் கைநூல்' என்னும் பயண வழிகாட்டியை விமரிசிக்கையில், மலைகளும் தேவாலயங்களும் பெருகப் பெருக, நாட்டில் வாழும் மனிதர் மறைந்துபோகின்றனர் எனக் காட்டினார். இவ்விமரிசனம் நமக்கும் உரியது.

நமது மரபிலே வழிப்பயணம் புதிய பொருளன்று. ஆற்றுப்படை நூல்கள் வழியையே இலக்கிய வடிவமாக்கின. 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்துப் பரதவர் தரும் சுட்ட மீனையும், ஆமூர் உழவர் மனையில் வெண்சோற்றுடன் கிடைக்கும் நண்டுக் கறியையும் கூறும். இங்கே நிலம் உணவாலும் விருந்தோம்பலாலும் அறியப்படுகிறது. பிரெஞ்சு மரபிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. பாணன் ஓய்வு தேடிச் செல்பவனல்லன். வறுமை துரத்தச் செல்பவன். ஆகவே வழியில் உணவளிப்பவர் அவனுக்குக் காட்சிப் பொருளாவதில்லை. அவரன்றி அவன் வழி நடத்தல் இயலாது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892-1947), சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளை நவீன அறிவியல் நோக்கோடு ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூ'லைத் தந்தார். பழைய நூலை இன்றைய வினாவோடு அணுகும் அந்நெறியை ஆற்றுப்படைக்கும் பொருத்தலாம்.

தற்காலத் தமிழ்ப் பயண நூல்களுட் பல, பெருநகரங்களையும் வியப்புக்களையும் நாடின. காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்ட ஏ. கே. செட்டியார், தம்மை முன்னிறுத்தாது, வழியிற் கண்ட எளிய மனிதரின் சிறு பேச்சுக்களைப் பதிந்தமையால் தனித்து நிற்கிறார். எனினும், கண்டங்களைக் கடந்த அளவுக்கு அடுத்த ஊரைக் கடந்து எழுதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. பிரான்சிலே வாழும் நம்மவர் எழுத்திலும் அந்நாட்டு வயல்வெளிகளைக் காண்பது அரிது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. ஒரே நாடு ஒருவனுக்கு உலாவுக்குரிய நிலமாகவும் மற்றொருவனுக்கு வதிவிட அனுமதி வேண்டிக் காத்திருக்கும் இடமாகவும் அமைகிறது.

இனி, நமது கரையை நோக்குவோம். கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனப் பொத்துவில் வரை செல்லும் வீதி, துவிச்சக்கர வண்டிக்கென்றே அமைந்தாற்போன்ற சமதரை. கிழக்கே கடல்; மேற்கே வயல். நெய்தலும் மருதமும் ஒரே பார்வையில் அடங்கும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கும் ஒரே காற்றிற் கேட்கும். இங்கே துவிச்சக்கர வண்டி உழைப்பின் கருவி. மீன்பெட்டி கட்டிய வியாபாரியும், மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்பவரும், பாடசாலை மாணவரும் அதனை மிதிக்கின்றனர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது உத்தியோகத்தரும் அதற்குத் திரும்பினர். இவர்களுள் எவரையும் நாம் பயணி என்று அழைப்பதில்லை.

இவ்வீதியிலே ஆறுதலாகச் செல்வதற்கு ஓய்வு மட்டும் போதாது. அயலூரின் மீது நம்பிக்கையும் வேண்டும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே அடுத்த ஊருக்குச் செல்வதே அச்சத்துக்குரியதாயிருந்த நாட்கள் பல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இன்ன ஊர், இன்ன மதம் என்று பாராது இக்கரையைச் சிதைத்தது. ஆயினும் துயரங்கூடத் தனித்தனியாகவே நினைவுகூரப்படுவதுண்டு. இன்று அறுகங்குடாவை நாடி வரும் வெளிநாட்டவர் கடலலையைத் தேடி வருகின்றனர். இடைப்பட்ட ஊர்கள் அவர்களுக்குப் பெயர்ப்பலகைகளாகவே எஞ்சுகின்றன. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நிந்தவூரைக் காரைதீவாரும், காரைதீவைச் சாய்ந்தமருதாரும் எழுதாதவிடத்து, வழிகாட்டி நூல்கள் எழுதும் சித்திரமே நிலைபெறும்.

ஆகவே, பிரெஞ்சுக் கிராமப்புறப் பயண எழுத்திடமிருந்து நாம் பெறவேண்டியது அதன் மெதுவான பார்வை. அதனிடம் விலக்கவேண்டியது உழைப்பவனைக் காட்சியாக்கும் போக்கு. அப்போக்குக்கு மாற்றாக ஆற்றுப்படையின் கடப்பாட்டுணர்வு நம்மிடமே உண்டு. யார் சோறிட்டார், யார் வழிகாட்டினார் என்பதை மறவாத எழுத்து அது. பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவருக்கு இத்தகைய எழுத்து எட்டாத ஒன்றன்று. அதற்குக் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை; ஐந்து மைல் தொலைவிலுள்ள ஊரை, அவ்வூரவரும் தமதென ஏற்கத்தக்க வகையில் எழுதினாற் போதும். நமது பயண இலக்கியத்துக்கு அதுவே கடினமான சோதனையாக அமையும்.