கோழியும் ஈவுட் பார்க்கும்: பிளாக்பர்ன் ரோவர்ஸ் ரசிகர்களின் நீண்ட கோபம்

பிளாக்பர்ன் ரோவர்ஸ், இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன் நகரின் கால்பந்துக் கழகம். தொடங்கிய ஆண்டு 1875. கால்பந்து லீக் 1888-ல் உருவானபோதும், பிரீமியர் லீக் 1992-ல் உருவானபோதும் தொடக்க உறுப்பினராக இருந்த கழகங்கள் மூன்றுதான். ஆஸ்டன் வில்லா, எவர்டன், மூன்றாவது பிளாக்பர்ன். எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது. 2010 நவம்பரிலிருந்து இக்கழகம் புணேயைச் சேர்ந்த வெங்கிஸ் குழுமத்துக்குச் சொந்தம். கோழிக்கறிக்குப் பெயர்பெற்ற அதே வெங்கிஸ்தான்.

இக்கழகத்தின் ரசிகர்கள் 15 ஆண்டுகளாகத் தம் உரிமையாளர்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள். அணி தோற்றதால் வந்த கோபம் என்று அதை எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. பணம் போடவில்லை என்ற கோபம் என்றும் சொல்வார்கள். இரண்டுமே பாதி விளக்கம்தான் என்பது என் எண்ணம். தோல்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. பணத்தையோ வெங்கிஸ் நிறையவே போட்டிருக்கிறார்கள். முடிவுகளை யார் எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் இந்தக் கோபத்தை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

ஜாக் வாக்கரின் ஊர்

பிளாக்பர்ன் பருத்தி நெசவால் வளர்ந்த ஊர். ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்புப் பொறியை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் இதன் பக்கத்து ஊர்க்காரர். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்ற காந்தி, அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களைப் பார்க்க லங்காஷயருக்கும் போனார். அவர் சென்ற டார்வென், பிளாக்பர்னை ஒட்டிய சிற்றூர். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். பின்னாளில் அந்த ஆலைகள் மூடப்பட்டன. கழகம் மட்டும் மிஞ்சியது.

அந்த ஊரில் பிறந்தவர் ஜாக் வாக்கர். சகோதரருடன் சேர்ந்து நடத்திய உருக்கு வணிக நிறுவனத்தை பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு 33 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, 1991-ல் தன் ஊர்க் கழகத்தைக் கையில் எடுத்தார். அப்போது அது இரண்டாம் நிலையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கென்னி டால்கிளீஷ் மேலாளராக வந்தார். (இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரைத்தான் மேலாளர் என்கிறார்கள். கழக நிர்வாகிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1992-ல் ஆலன் ஷியரர் வந்தார். 1995-ல் ரோவர்ஸ் பிரீமியர் லீக் பட்டம் வென்றது. கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், அதே நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமுடன் சமன் செய்ததால் கிடைத்த பட்டம் அது.

பணத்தால் வாங்கிய பட்டம் என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பணத்துக்குப் பின்னால் ஊரார் அறிந்த ஒரு முகம் இருந்தது. வாக்கர் மைதானத்தில் இருப்பார், தோற்றால் கண்கலங்குவார். 1999-ல் அணி தரமிறங்கியபோதும் அவரை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. 2000-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அணி பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. 2002-ல் லீக் கோப்பையையும் வென்றது. வெங்கிஸ் எதிர்கொள்ள நேர்ந்த அளவுகோல் இந்த மனிதர்தான். அது கொஞ்சம் நியாயமற்ற அளவுகோல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புணேயிலிருந்து

நாமக்கல் முட்டை விலையை நாளிதழில் பார்க்கிறவர்களுக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழு பழக்கமான பெயர். அந்தக் குழு உருவாகக் காரணமாக இருந்த பி.வி. ராவ்தான் வெங்கிஸ் குழுமத்தையும் நிறுவியவர். இந்தியக் கோழிப்பண்ணைத் தொழிலின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள். அவருடைய பிள்ளைகளான அனுராதா தேசாய், வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் ஆகியோர் 2010-ல் ரோவர்ஸை வாங்கினார்கள். விலை 2.3 கோடி பவுண்ட். கூடவே கழகத்தின் கடனையும் ஏற்றுக்கொண்டார்கள்.

வாங்கிய ஒரு மாதத்துக்குள் மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அணி அப்போது 13-ஆம் இடத்தில் இருந்தது. சிறு கழகத்துக்கு அது மோசமான இடமல்ல. அவருடைய இடத்தில் அமர்த்தப்பட்டவர், உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவரான ஸ்டீவ் கீன். அதற்கு முன் ஒரு கழகத்தை நிரந்தரமாக நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. ரொனால்டினோவை அழைத்துவரப் போகிறோம் என்ற பேச்சு வேறு அடிபட்டது. அவர் பிரேசிலுக்குப் போனார். அடுத்த கோடையில் இளம் தடுப்பாட்டக்காரர் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். ரோவர்ஸ் வீரர்கள் உடைமாற்றும் அறையில் அமர்ந்து வெங்கிஸ் கோழித்துண்டுகளைச் சாப்பிடும் விளம்பரப் படமும் 2011-ல் வந்தது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணியின் ரசிகருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

2012 மே 7 அன்று சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகனுடன் ஆட்டம். தோற்றால் தரமிறக்கம். ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் ஒரு கோழியை, கழகக் கொடியைப் போர்த்தி, மைதானத்துக்குள் விட்டார்கள். ரோவர்ஸ் 0-1 என்று தோற்று பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேறியது. இன்றுவரை திரும்பவில்லை.

அந்தக் கோழிப் படம் உலகெங்கும் சிரிப்பாகப் பரவியது. இந்தியர் என்பதால்தான் இந்த வெறுப்பா என்ற ஐயம் நம்மில் சிலருக்கு அப்போது எழுந்தது. இந்தியர் ஒருவர் இங்கிலாந்தில் எதையாவது வாங்கினால் நமக்கு வரும் பெருமிதம் அந்த ஐயத்தைக் கூர்மையாக்கியது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் அரங்கில் மிகக் கடுமையாக வசைபாடப்பட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான கீன். அவரை நீக்கச் சொல்லி விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டார்கள். இருபது கல் தூரத்துக்குச் சற்று மேலே இருக்கும் பிளாக்பூலில், உள்ளூர்க்காரர்களான ஆய்ஸ்டன் குடும்பத்துக்கு எதிராக ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மைதானத்தையே புறக்கணித்தார்கள். நிறம் ஒரு சில வாய்களில் புகுந்திருக்கலாம். காரணத்தைத் தேட அங்கே போக வேண்டியதில்லை.

கொடுத்தும் கெட்ட பெயர்

வெங்கிஸை மான்செஸ்டர் யுனைடெட்டின் கிளேசர் குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிளேசர்கள் 2005-ல் அக்கழகத்தைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பாதிக்கு மேல் கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் அன்றிலிருந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய், ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு எஃப்.சி. யுனைடெட் என்ற தனிக் கழகத்தையே தொடங்கினார்கள். 2010-ல் பழைய நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சை-பொன் நிறத் துண்டுகளை அணிந்து அரங்கை நிறைத்தார்கள்.

வெங்கிஸ் செய்தது இதற்கு நேர்மாறு. கழகத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டுபோகவில்லை. ஆண்டுதோறும் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை போட்டது 20 கோடி பவுண்டைத் தாண்டும் என்று சொல்லப்படுகிறது. இரண்டாம் நிலைக்கு இறங்கிய கோடையில்கூட ஜோர்டன் ரோட்ஸ் என்ற முன்கள வீரருக்கு 80 லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள். எடுத்தவருக்கும் கொடுத்தவருக்கும் ரசிகர்களிடம் கிடைத்தது ஒரே வசை என்றால், சிக்கல் பணத்தில் மட்டும் இல்லை என்றாகிறது.

2012-13 பருவத்தைப் பார்த்தால் இது புரியும். கீன் செப்டம்பரில் விலகினார். கழகத்தின் முன்னாள் வீரர், 1995 பட்ட அணியில் ஆடிய ஹென்னிங் பெர்க் வந்தார். 57 நாளில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் இருந்தார். மலேசியாவின் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ஷெபி சிங் 'உலகளாவிய ஆலோசகர்' என்ற பதவியில் இருந்தார். அவர் ஒரு பக்கம், நிர்வாக இயக்குநர் டெரக் ஷா ஒரு பக்கம், உரிமையாளர்கள் புணேயில்.

பெர்க் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அப்போது கழகம் நீதிமன்றத்தில் வைத்த வாதம் வினோதமானது. பெர்க்குக்கு அப்படியொரு ஒப்பந்தம் கொடுக்க நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கழகம் 22.5 லட்சம் பவுண்ட் கொடுக்க நேர்ந்தது. தொகையைவிட அந்த வாதம்தான் முக்கியம். எங்கள் கழகத்தை யார் நடத்துகிறார்கள் என்று ரசிகர்கள் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமக்கே தெரியவில்லை என்பதைப்போலக் கழகம் நீதிபதி முன் நின்றது.

2017 மே 7. கோழி ஓடிய நாளுக்குச் சரியாக ஐந்து ஆண்டு. பிரெண்ட்ஃபோர்டில் 3-1 என்று வென்றும், கோல் வித்தியாசத்தில் ரோவர்ஸ் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கழகம் அந்த அளவுக்கு விழுந்தது அதுவே முதல்முறை. 2010-ல் சராசரியாக 25 ஆயிரம் பேர் வந்த அரங்குக்கு இப்போது பாதிப்பேர்தான் வந்தார்கள்.

டோனி மோப்ரே ஒரே ஆண்டில் அணியை இரண்டாம் நிலைக்கு மீட்டார். ஐந்து ஆண்டு இருந்தார். இந்தக் காலத்தில் கோபம் தணிந்தது. அணி பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை, ஆனால் வாரந்தோறும் வந்து நின்று, ஏன் தோற்றோம் என்று பொறுமையாகப் பேசும் ஒருவர் இருந்தார். வெங்கிஸின் நல்ல ஆண்டுகள் என்று சொல்லத் தகுந்தவை இவைதான். நியாயமாக இதையும் அவர்கள் கணக்கில் எழுத வேண்டும்.

தவறிய காகிதங்கள்

2023 ஜனவரியில், வீரர் மாற்றுக்கான கடைசி நாளில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் லூயிஸ் ஓ'பிரையனை இரவல் வீரராகக் கொண்டுவர ஏற்பாடாகியிருந்தது. காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. லீக் மறுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் ரோவர்ஸ் ஏழாம் இடம். ஆறாம் இடத்துக்கு வந்து பிளே-ஆஃப் வாய்ப்பைப் பெற்ற சண்டர்லாந்துக்கும் அதே 69 புள்ளிகள்தான், கோல் வித்தியாசம் மட்டும் கூடுதல். ஒரு நடுக்கள வீரர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரசிகர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஏனென்றால் சரியாக ஓராண்டு கழித்து அமெரிக்க வீரர் டங்கன் மெகுவயரின் ஒப்பந்தமும் காகிதப் பிழையாலேயே கெட்டது. முதல்முறை நடந்ததைத் தவறு எனலாம்.

அதே ஜனவரிக் கெடுவில்தான் பிளாக்பர்னிலேயே பிறந்து, கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். சில மாதங்களில் அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். மறு ஆண்டு எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியில் இருந்தார். அவரை விற்க நேர்ந்த பின்னணியில் இன்னொரு முடிச்சும் இருந்தது. இந்தியாவில் அமலாக்கத்துறை விசாரணை ஒன்றின் காரணமாக, கழகத்துக்குப் பணம் அனுப்பவே உரிமையாளர்கள் டெல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று, வங்கி உத்தரவாதமும் கட்ட வேண்டியிருந்தது. லங்காஷயர்க் குளிரில் நிற்கும் ஒரு ரசிகர், தன் அணி ஒரு வீரரை வாங்குமா என்று அறிய டெல்லி நீதிமன்றச் செய்தியைப் படிக்க வேண்டிய நிலை.

2024 பிப்ரவரியில் மேலாளர் டோமாசன் விலகினார். பின்வந்த ஜான் யூஸ்டஸ் ஓராண்டு கழித்து, பட்டியலில் மேலே இருந்த ரோவர்ஸை விட்டுவிட்டு, தரமிறக்க ஆபத்தில் இருந்த டெர்பிக்குப் போனார். அந்தப் பருவமும் ஏழாம் இடத்தில் முடிந்தது. 2025-ல் மகளிர் அணி இரண்டாம் நிலை லீக்கிலிருந்து விலகியது. உரிம நிபந்தனைகளுக்கான செலவை உரிமையாளர்கள் ஏற்கவில்லை. எல்லா டூனும் ஜார்ஜியா ஸ்டான்வேயும் தொடக்கத்தில் ஆடிய அணி அது.

போனால் என்ன ஆகும்

இவ்வளவுக்கும் பிறகு 'வெங்கிஸ் வெளியேறு' என்று முழங்குகிற ரசிகர்களின் அடிவயிற்றில் ஓர் அச்சமும் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் பரி கழகம் 1885-ல் தொடங்கியது. ஒரு பவுண்டுக்குக் கைமாறி, பணம் காட்ட முடியாமல், 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. வெங்கிஸ் ஆண்டுதோறும் அனுப்பும் தொகை நின்றால் ரோவர்ஸுக்கும் அந்தக் கதி வரலாம். வெறுக்கிறவரின் கையிலிருந்துதான் சம்பளம் வருகிறது என்பது போன்ற நிலை இது. போராட்டங்கள் அவ்வப்போது பொங்கி அடங்குவதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது. கிளேசர்களை எதிர்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

2025-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று வருகிறது. மைதானத்தை விற்பது, கழகத்தின் சின்னத்தையும் நிறங்களையும் மாற்றுவது போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. கழகங்கள் ரசிகர்களைக் கலந்தாலோசிக்கவும் வேண்டும். அந்தக் கூட்டத்தில் கழகத்தின் தரப்பில் யார் அமர்வார், அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதை ரோவர்ஸ் ரசிகர்கள் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெர்க் வழக்கைப் பார்த்தவர்கள் அவர்கள்.