கொலைகாரன் முதலிலேயே தெரிந்துவிட்டால்

ஹிட்ச்காக்கின் ‘யங் அண்ட் இன்னசன்ட்’ (1937) புயலடிக்கும் இரவில் ஒரு கணவன் மனைவி சண்டையோடு தொடங்குகிறது. கணவனின் கண்கள் படபடவென்று துடிக்கின்றன. மறுநாள் காலை மனைவியின் பிணம் கரையொதுங்குகிறது. உதவிக்கு ஆள் தேடி ஓடிய இளைஞன் ராபர்ட்டைத் தப்பியோடியவன் என்று சாட்சி சொல்கிறார்கள். ஜோசப் லோஸியின் ‘டைம் விதவுட் பிட்டி’யும் (1957) முதலிலேயே கொலைகாரனைக் காட்டிவிடுகிறது. தூக்குமேடைக்குக் காத்திருக்கும் மகனைக் காப்பாற்றக் குடிகாரத் தந்தைக்கு இருப்பது 24 மணி நேரம்.

யார் கொன்றது என்ற புதிர் போய்விட்டால், இவனை யார் நம்புவார்கள் என்ற தவிப்பே மிஞ்சுகிறது. ஹிட்ச்காக் படத்தில் போலீஸ் அதிகாரியின் மகள் எரிக்கா சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கிறாள். கையில் காசில்லாமல் ஓடுகிறவன் பசிக்கு என்ன செய்வான் என்று தம்பிகள் விளையாட்டாய்ப் பேச, அவள் முகம் மாறுகிறது. எந்தத் துப்பறிவாலும் எழுப்ப முடியாத பரிவு அது. ஓட்டல் கூடத்தின் உயரத்திலிருந்து மிதந்து இறங்கும் கேமரா, நடனமாடுவோரைக் கடந்து, டிரம் வாசிப்பவனின் துடிக்கும் கண்களில் வந்து நிற்பதும் நமக்கு அந்தக் கண்கள் தெரியும் என்பதால்தான் பதறவைக்கிறது. ஆனால் அந்த வெள்ளைக்கார இசைக்குழு முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேடம் போட்டிருப்பது மன்னிக்கத் தக்கதல்ல.

இந்த உத்தியின் பெரிய குறை வேறு. நிரபராதி என்று நமக்கு உறுதியாகத் தெரிந்துவிடுவதால், போலீசும் நீதிமன்றமும் எப்படித் தவறின என்று படம் துருவுவதில்லை. ஹிட்ச்காக் படத்தில் கொலைகாரன் தானே ஒப்புக்கொள்கிறான், எல்லாம் சுபம். லோஸி அவ்வளவு எளிதில் விடவில்லை. அவர் படத்தில் மகனை மீட்க, கொலைகாரனைத் தூண்டி அவன் கையாலேயே தந்தை சாக வேண்டியிருக்கிறது. சட்டம் தானாக எதையும் திருத்திக்கொள்ளாது என்ற கோபம் அதில் இருக்கிறது. என் மதிப்பில் இரண்டில் அதுவே மேலான படம்.

ஆனாலும் டெரெக் பென்ட்லி போன்ற நிஜ மனிதனுக்கு இந்த இரண்டு படங்களிலும் இடமில்லை. 1952இல் கிராய்டனில் அவன் திருடப் போனது உண்மை. போலீஸ்காரரைச் சுட்டது உடன் வந்த 16 வயதுச் சிறுவன். அப்போது பென்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். ஆனாலும் 1953 ஜனவரியில், 19 வயதில், தூக்கிலேற்றப்பட்டவன் அவன்தான். முழுக்க மாசற்றவனுக்காக மட்டுமே நம்மை அழவைக்கும் கதைமுறை, இப்படி அரைகுறைக் குற்றத்தில் சிக்கியவனுக்கு உதவாது. அவன் கதையைச் சொன்ன ‘லெட் ஹிம் ஹேவ் இட்’ 1991இல்தான் வந்தது. தீர்ப்பு ரத்தாக மேலும் 7 ஆண்டுகள் ஆயின.