அடியாளுக்கு விழுந்த இருபது

பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஃப்ராஸ்ட்கிரேவுக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். பெரும்படை திரட்ட வேண்டியதில்லை. ஒரு மந்திரவாதி, அவருடைய சீடர், கூலிக்கு அமர்த்திய எட்டுப் பேர் வரை, அவ்வளவுதான் படை. மூன்றடிக்கு மூன்றடி மேசை போதும்.

கதை நடக்கும் ஊர் ஃபெல்ஸ்டாட். ஒரு காலத்தில் மந்திரக்கலை கொடிகட்டிப் பறந்த நகரம், பனிக்குள் புதைந்துபோயிற்று. ஆயிரம் ஆண்டு கழித்து இப்போதுதான் பனி உருகத் தொடங்கியிருக்கிறது. இடிபாடுகளில் பழைய சுவடிகளும் பொன்னும் கிடப்பதாகக் கேள்விப்பட்டு மந்திரவாதிகள் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். இந்த விளையாட்டு ஜோசஃப் மெக்கல்லோ எழுதியது. ஆஸ்ப்ரே பதிப்பகம் 2015-இல் வெளியிட்டது, 2020-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. எதிரியைத் தீர்த்துக்கட்டுவதைவிடப் புதையலைத் தூக்கிக்கொண்டு மேசை விளிம்பைத் தாண்டுவதுதான் இங்கே பெரிது. தூக்கியவனுக்கோ நடை பாதியாகிவிடும். அந்த ஒரு விதியில் எத்தனை பதைபதைப்பு!

ஆனால் நான் மயங்கியது பகடையில். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதியபோது பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தவேண்டியிருந்தது. இங்கே எல்லாவற்றையும் இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. சண்டை வந்தால் இருவரும் உருட்டி, அவரவர் சண்டைத் திறனைக் கூட்ட வேண்டும். கூடுதலாக வந்தவருக்கு வெற்றி. அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால், மிச்சம் அவருக்கு விழும் அடி. ஒரே உருட்டலில் கதை முடிகிறது.

அப்படி முடிந்த ஒரு கதையை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறேன். நண்பனின் மந்திரவாதி என் வில்லாளி மீது மின்னல் ஏவினார். பன்னிரண்டு வேண்டும், ஒன்பதுதான் விழுந்தது. குறைந்த மூன்றைத் தன் உயிர்ப்புள்ளியிலிருந்து கொடுத்து மந்திரத்தைப் பலிக்கவைத்தார். இந்த ஆட்டம் தரும் மிக அழகான சபலம் அது. வில்லாளி விழுந்தான். மந்திரவாதியின் பதினான்கு பதினொன்றாயிற்று. சுவருக்குப் பின்னால் என் ஆள் ஒருவன் நின்றிருந்தான், வெறும் அடியாள். ஓடிப்போய்ப் பாய்ந்தான். உருட்டினேன்: இருபது! திறன் இரண்டு சேர்த்து இருபத்திரண்டு, கவசம் பத்துப் போக அடி பன்னிரண்டு. மந்திரவாதி சாய்ந்தார்.

"டேய், உன் அடியாளுக்குப் பேர் என்னடா?" என்றான் நண்பன். அந்தக் கணத்தில்தான் அவனுக்குச் சங்கிலி என்று பெயர் வைத்தேன்.

ஆட்டத்தில் விழுந்த ஆளுக்கு முடிந்தபின் இன்னொரு பகடை உண்டு. நான்கு வரை விழுந்தால் சாவு. எட்டு வரை என்றால் காயம், அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டான். ஒன்பதிலிருந்து பிழைப்பு. பின்னொரு நாள் சங்கிலியும் விழுந்தான். அவனுக்காக உருட்டியபோது சரியாக ஒன்பது! வீடே அதிரக் கத்தினேன். ஒரு விரல் உயரப் பொம்மைக்காக இப்படித் துடிக்கவைக்கிற விளையாட்டை வேறெங்கே பார்ப்பது?

இடிந்த நகரத்தைக் கட்டுவது தனி இன்பம். தெர்மகோலைக் கல்போலக் கீறி ஃபெவிகால் பூசிக் காயவைப்பேன். நேரே ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் தெர்மகோல் கரைந்துவிடும். சாம்பல் நிறம் அடித்தபின் வெள்ளையில் தோய்த்த தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரமே இல்லாத அளவில் மெல்லத் தேய்க்கவேண்டும். பள்ளங்கள் இருளாகவே இருக்க, விளிம்புகளில் மட்டும் வெள்ளை ஏறும். கண்முன்னே பனி பிடிக்கிறது!

இன்னொரு தாராளம்: இந்த நிறுவனத்தின் பொம்மைதான் வேண்டும் என்று விதிநூல் கேட்பதில்லை. அளவு ஒத்துப்போனால் எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் சரி. எங்கள் மேசையில் மூன்றாவது படைக்கும் இடம் இருக்கிறது. ஆட வருகிறவர் வெறுங்கையோடு வரலாம், மந்திரவாதியும் கூலிப்படையும் நான் தருகிறேன். சங்கிலியை மட்டும் கேட்கக்கூடாது.