கடைசிப் பந்துக்கு முன்னால்

இலங்கை சுதந்திரமடைந்து 50 ஆண்டு நிறைந்ததற்கு 1998இல் ஒரு நிதஹஸ் கோப்பை நடந்தது. 70 ஆண்டு நிறைந்ததற்கு 2018இல் இன்னொன்று. நடுவே இருபது வருடம் அந்தப் பேச்சே இல்லை. இப்படி விழாவுக்காக வைக்கும் போட்டிகளை ரசிகர்கள் அடுத்த தொடர் தொடங்கியதும் மறந்துவிடுவதுதான் வழக்கம். முதல் கோப்பையில் பல ஆட்டங்களை மழை தின்றது. ஆனாலும் இறுதி ஆட்டத்தில் சச்சினும் கங்குலியும் முதல் விக்கெட்டுக்கு 252 ரன் சேர்த்ததும், அரவிந்த டி சில்வா சதமடித்தும் இலங்கை 6 ரன்னில் தோற்றதும் அதை மறக்கவிடாமல் செய்தன.

இரண்டாவது கோப்பையில் விழா வீட்டார் இறுதி ஆட்டத்துக்கே வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, கடைசி ஓவரில் நோ-பால் தகராறு முற்றி, பேட்ஸ்மேன்களை வெளியே வரச்சொல்லி வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் சைகை காட்டி, பிறகு மகமதுல்லா ஒரு பந்து மீதமிருக்க சிக்ஸர் அடித்து வங்கதேசத்தை இறுதிக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தக் கோபத்தில், 2018 மார்ச் 18 அன்று பிரேமதாச மைதானத்தில் கூடிய கொழும்பு ரசிகர்கள் இந்தியாவுக்குக் கைதட்டினார்கள்.

வங்கதேசம் எடுத்தது 166. அன்றைய ஆட்டம் என்றாலே எல்லோரும் தினேஷ் கார்த்திக்கின் கடைசிப் பந்து சிக்ஸரைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தியவற்றின் மீதுதான் கண். முதலில் 18ஆவது ஓவர். முஸ்தபிசுர் ரஹ்மானின் பந்துகள் விஜய் சங்கரின் மட்டைக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே போயின. ஒரே ஒரு லெக் பை; கடைசிப் பந்தில் மணீஷ் பாண்டே அவுட். 18 பந்தில் 35 என்றிருந்த கணக்கு 12 பந்தில் 34 ஆயிற்று. டி20 ஆட்டத்தின் முடிவுக் கட்டத்தில் இதைவிட நேர்த்தியான ஓவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். தோற்ற அணியில் இருந்ததால் அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கார்த்திக் வருகிறார். ஆறாவதாக இறக்காமல் தன்னை நிறுத்திவைத்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது என்பதைக் கேப்டன் ரோஹித் சர்மாவே பிறகு சொன்னார். கடைசி ஓவர்களுக்கு அந்தக் கை வேண்டும் என்பது ரோஹித்தின் கணக்கு. எதிரே ரூபெல் ஹொசைன். அதுவரை மூன்று ஓவரில் 13 ரன்தான் கொடுத்திருந்தவர். கண் பழக ஒரு பந்துகூட எடுத்துக்கொள்ளாமல், தாழ்ந்து வந்த ஃபுல் டாஸை கார்த்திக் லாங் ஆனுக்கு மேலே சிக்ஸர் அடித்தார். அடுத்தது நான்கு, அதற்கடுத்தது லெக் பக்கம் மறுபடி ஆறு. பின் ஒரு டாட் பால், இரண்டு ரன். ஆறாவது பந்தில் பலத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஷார்ட் ஃபைன் லெக் தலைக்கு மேலே பந்தை மெல்ல ஏந்திவிட்டார், நான்கு. மூன்று அடிகளை நேரான மட்டையாலும் தோள் வலுவாலும் எடுத்தவர், பந்துவீச்சாளர் அதற்கு மாற்று யோசிக்கும் நேரத்தில் இதை எடுத்தார். என்னைக் கேட்டால் அந்த இன்னிங்ஸின் உச்சம் இதுதான். ஓவரில் 22.

கடைசி ஓவரை வீச ஷகிப்பிடம் மிஞ்சியிருந்தவர் சௌம்யா சர்க்கார். முழுநேரப் பந்துவீச்சாளர் அல்ல. 12 ரன் வேண்டும். வைடு, டாட், ஒன்று, ஒன்று. சமூக வலைத்தளங்களில் பாவம் அவ்வளவு வசை வாங்கிய விஜய் சங்கர் அடுத்த பந்தில் நான்கு அடித்தார். அது இல்லாமல் எந்த சிக்ஸரும் உதவியிருக்காது. அதற்கடுத்த பந்தைத் தூக்கியடித்து கேட்ச் ஆனார். பந்து மேலே இருக்கும்போதே இருவரும் ஓடி இடம் மாறியிருந்தார்கள்.

ஒரு பந்து, ஐந்து ரன். நான்கு அடித்தால் சமன். சூப்பர் ஓவருக்காக ரோஹித் பேடு கட்டப் போய்விட்டார். சௌம்யா ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஃபுல்லாகப் போட்டார். குற்றம் சொல்ல முடியாத பந்து. கார்த்திக் காலை ஊன்றி, தலையை அசைக்காமல் கையை வீச, பந்து கொடிக்கயிறு கட்டியது போல எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே நேராகப் போய் எல்லைக்கு அப்பால் விழுந்தது. உயரத் தூக்கியிருந்தால் யாராவது அடியில் போய் நிற்க நேரம் கிடைத்திருக்கும். 8 பந்தில் 29.

இந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பவர்கள் 18ஆவது ஓவரிலிருந்து பாருங்கள். விஜய் சங்கர் கேட்ச் ஆன இடத்தில் ஒரு நொடி நிறுத்தவும் செய்யுங்கள். 2022 அக்டோபரில் ஐசிசி விதியை மாற்றிவிட்டது: ஓவரின் நடுவே கேட்ச் அவுட்டானால், குறுக்கே ஓடியிருந்தாலும் புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். அந்த விதி அன்றே இருந்திருந்தால் கடைசிப் பந்தை ஆடியிருக்க வேண்டியவர், அடுத்து இறங்கிய வாஷிங்டன் சுந்தர்.